ஓஹேஓ சுனைகளுக்குப் போகிறீர்களா? துண்டை எடுத்து வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு டிசம்பரில் ஹவாயின் மாவித் தீவுக்குப் போனோம். எரிமலைப் பாறையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுனைகள், கடைசிச் சுனையிலிருந்து வழியும் நன்னீர் நேரே கடலில் விழும் என்று படத்தைக் காட்டியதும் அப்பா முதல் வேலையாகத் துண்டை எடுத்துப் பையில் வைத்தார். தென்காசிக்காரர். தண்ணீர் விழும் இடம் என்றால் அவருக்குக் குளிக்கும் இடம்தான்.

குளிக்கவில்லை. தப்பான மலைக்குப் போனோம், நுழைவுக் கட்டணத்தை இரண்டு தடவை கட்டினோம், இன்னொரு பூங்காவின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டோம், இருட்டில் வளைவுச் சாலையில் அம்மா மூன்று முறை வாந்தி எடுத்தார். அடுத்த ஏப்ரலில் தோழி குடும்பத்தோடு மறுபடி போனபோதுதான் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த இரண்டாவது பயணத்தின் வரிசைதான் கீழே இருப்பது. முதல் பயணத்தின் தப்புகளை அங்கங்கே சொல்கிறேன்.

1. பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

இடத்தின் பெயர் ஓஹேஓ. 'ஏழு புனிதச் சுனைகள்' என்று சுற்றுலா விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அது வியாபாரத்துக்காக வைத்த பெயர், சுனைகள் ஏழுக்கும் அதிகம். இந்த இடம் ஹலேயாகலா தேசியப் பூங்காவின் கீபஹுலு பகுதிக்குள் வருகிறது.

முதல் பொறி இங்கேதான். ஹலேயாகலா பூங்காவுக்கு இரண்டு பகுதிகள்: பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கும் எரிமலை உச்சி ஒன்று, கடலோரத்துக் கீபஹுலு இன்னொன்று. பூங்காவுக்குள் இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. மேப்பில் பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் அது உங்களை உச்சிக்கு ஏற்றிவிடும். எங்களை அப்படித்தான் ஏற்றியது. சுனை பார்க்கச் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகக் கிளம்பியவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு மேகத்துக்கு மேலே நின்றோம். மேப்பில் 'கீபஹுலு விசிட்டர் சென்டர்' என்று போடுங்கள். போகும் வழி கிழக்குக் கரையில் ஹானா ஊரைத் தொட்டுப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஹானாவுக்கும் கீபஹுலுவுக்கும் நடுவே சாலையோரத்தில் வைலுவா என்று ஓர் அருவி இருக்கிறது. ஹவாயின் இன்னொரு தீவான காவாயிலும் ஒரு வைலுவா உண்டு. 'இறைவன்' என்ற பெயருள்ள சிவன் கோயில் இருப்பதும் அந்தத் தீவில்தான். மாவிக்குப் போனால் சாயங்காலம் அந்தக் கோயிலையும் பார்த்துவிடலாம் என்று அப்பா திட்டம் போட்டு வைத்திருந்தார். தீவு விட்டுத் தீவு போக விமானம்தான் ஏற வேண்டும்.

2. தண்ணீரில் இறங்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்

பெரும்பாலும் முடியாது. பாறை சரிவதாலும் திடீர் வெள்ளத்தாலும் சுனைகளில் இறங்கப் பூங்கா நிர்வாகம் தடை போடுகிறது. சமீப ஆண்டுகளில் திறந்திருந்த நாட்களைவிட மூடியிருந்த நாட்களே அதிகம். பழைய வீடியோக்களில் ஆட்கள் குதித்து விளையாடுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

தேசியப் பூங்காத் துறையின் என்பிஎஸ் டாட் கவ் தளத்தில் ஹலேயாகலா பக்கத்தைத் திறந்தால் 'தற்போதைய நிலை' என்ற பகுதியில் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று போட்டிருப்பார்கள். விமானச் சீட்டு எடுக்கும் முன் ஒரு முறை பாருங்கள், கிளம்புகிற காலையில் ஒரு முறை பாருங்கள். வழியில் சிக்னல் கிடைக்காது. எனவே தங்கும் அறையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

தடை எதற்கு என்பது குற்றாலத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டும், நிமிடக் கணக்கில் தண்ணீர் ஏறி வந்துவிடும். குற்றாலத்தில் அடித்துக்கொண்டு போனால் கீழே ஆறாவது இருக்கிறது. இங்கே கீழே கடல்தான். கரையில் மணல் கிடையாது, பாறையில் அலை மோதிக்கொண்டே இருக்கும், நீரோட்டமும் கடுமையானது, சுறாவும் உண்டு. சுனை திறந்திருக்கும் நாளில்கூடக் கடலில் இறங்கக் கூடாது.

திறந்திருந்தாலும் உடம்பில் வெட்டுக்காயம், புண் இருந்தால் இறங்காதீர்கள். ஹவாயின் ஓடைகளில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். ஓடைத் தண்ணீரை வாயில் ஊற்றவே வேண்டாம்.

"குளிக்க விடாத தண்ணிக்கா மாப்பிள்ளை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று அப்பா என் கணவரைக் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. குளியலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தை விட்டுவிடுங்கள். பார்ப்பதற்காகப் போங்கள், அதற்கு இது தாராளமாகப் போதும்.

3. ஆவணங்கள்

அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கு இது உள்நாட்டு விமானம். பாஸ்போர்ட் சோதனை, குடிவரவு வரிசை எதுவும் இல்லை. ஆனால் 2025 மே 7 முதல் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் 'ரியல் ஐடி' வகை ஓட்டுநர் உரிமம் கேட்கிறார்கள், மேல் மூலையில் நட்சத்திரக் குறி இருக்கும். உங்களுடையதில் இல்லையென்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு அவர்களுடைய இந்திய பாஸ்போர்ட்டே அடையாள அட்டை. அதோடு ஐ-94 பதிவை, அதாவது அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கும் எதுவரை தங்கலாம் என்பதற்குமான பதிவை, இணையத்தில் எடுத்து அச்சிட்டு வையுங்கள். அதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. ஆனால் 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஹவாய் போய்வருவதால் ஐ-94 தேதி மாறாது, அமெரிக்காவை விட்டு வெளியே போய் வந்ததாகவும் ஆகாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரே வருபவர்களுக்கு வழக்கமான பி1/பி2 வருகையாளர் விசாவே போதும், ஹவாய்க்கென்று தனி விசா இல்லை. விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விமானத்துக்கும் விடுதிக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் எஸ்டா என்ற இணையவழி அனுமதியோடு வரலாம். அதன் கட்டணம் 2025 செப்டம்பர் கடைசியில் 21 டாலரிலிருந்து 40 டாலராக ஏறியது. எஸ்டாவை அரசுத் தளத்தில் மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள், இரண்டு மடங்கு பிடுங்குவார்கள். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

வாடகைக் காரை இந்திய உரிமத்தோடு ஓட்டப் போகிறவர்கள் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்துவிடுங்கள். ஓராண்டு செல்லும். அது இருந்தாலும் அசல் உரிமம் கையில் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழ் இருப்பவர் ஓட்டினால் வாடகை நிறுவனங்கள் தினமும் கூடுதலாக ஒரு தொகை போடும். அந்த மலைச் சாலையை நம்பி ஒருவரிடமே விட முடியாது, எனவே இரண்டாவது ஓட்டுநரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

4. எதற்கு முன்பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்

இதில் எல்லாரும் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன்.

ஓஹேஓ சுனைகளுக்கு முன்பதிவு தேவையில்லை. பூங்கா வாசலில் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகலாம். தனியார் கார் ஒன்றுக்கு 30 டாலர், காருக்குள் எத்தனை பேர் இருந்தாலும் அதேதான். மோட்டார் சைக்கிளுக்கு 25, நடந்தோ சைக்கிளிலோ வந்தால் ஆளுக்கு 15. அட்டை மட்டும்தான், ரொக்கம் வாங்குவதில்லை.

அந்த 30 டாலர் மூன்று நாட்களுக்கு, இரண்டு பகுதிகளுக்கும் சேர்த்துச் செல்லும். நாங்கள் செவ்வாய்க்கிழமை வழி தவறி உச்சியில் கட்டினோம், கீபஹுலுவுக்கு வெள்ளிக்கிழமை போனோம். நாலாவது நாள்! மறுபடி 30. உச்சியையும் சுனைகளையும் மூன்று நாளுக்குள் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். தேசியப் பூங்காக்களின் ஆண்டுப் பாஸ் ஏற்கெனவே இருந்தால் அது இங்கேயும் செல்லும். இதற்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 2026 முதல் 250 டாலர்.

முன்பதிவு தேவைப்படுவது உச்சியில் சூரிய உதயம் பார்க்க. அதிகாலை 3 மணிமுதல் 7 மணிக்குள் உள்ளே நுழையும் காருக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 1 டாலர் கட்டிப் பதிய வேண்டும். 60 நாள் முன்னதாகத் திறக்கும். இந்தப் பதிவுக்கும் சுனைகளுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த 1 டாலரைக் கட்டிவிட்டு நுழைவுக் கட்டணம் முடிந்தது என்று நினைத்து வந்தவர்களும் உண்டு.

இன்னொரு முன்பதிவு வையானபனபா மாநிலப் பூங்காவுக்கு. ஹானாவுக்குச் சற்று முன்னால் வரும் கருமணல் கடற்கரை அது. ஹவாய்வாசி அல்லாதவர்கள் முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆளுக்கு 5 டாலர், காருக்கு 10 டாலர், 30 நாள் முன்னதாகவே திறந்துவிடும். நேரப் பகுதியாகத்தான் கொடுப்பார்கள், அந்த நேரத்துக்குள் வந்து பார்த்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். வாசலில் டிக்கெட் கிடையாது. நாங்கள் போய் நின்றபோது அங்கிருந்தவர் மரியாதையாகவே கையைத் திருப்பிக் காட்டினார்.

எந்த நேரத்தை எடுப்பது? காலை நேரம் வேண்டாம், மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்குவதை எடுங்கள். ஏன் என்பது 6-ஆவது தலைப்பில் வருகிறது.

5. செலவுக் கணக்கு

விமானக் கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதைச் சொல்லிப் பயனில்லை. மேற்குக் கரையிலிருந்து காஹுலுயி விமான நிலையத்துக்கு ஐந்தரை மணி நேரம்வரை ஆகும்.

தங்குமிடத்தில்தான் அடி. விளம்பரத்தில் இருக்கும் விலையை நம்பிவிடாதீர்கள். அதன்மேல் மாநில, மாவட்ட வரிகள் சேர்ந்து 18 சதவீதத்துக்கு மேல் வரும். அப்புறம் 'ரிசார்ட் கட்டணம்', கார் நிறுத்தக் கட்டணம், வீடாக இருந்தால் சுத்தம் செய்யும் கட்டணம். கடைசிப் பக்கம்வரை போய் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும். ஹானாவில் விடுதிகள் கொஞ்சம், விலை அதிகம். நாங்கள் இரண்டு முறையும் காஹுலுயி, கிஹேய் பக்கம்தான் தங்கினோம். கிஹேய் என்றால் பயணத்தில் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கூடாரம் போடும் பழக்கம் இருந்தால் கீபஹுலுவிலேயே முகாம் திடல் இருக்கிறது. கார் பக்கத்திலேயே நிற்கும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், 30 நாளில் அதிகபட்சம் 3 இரவு. செலவு மிகக் குறைவு. மழையில் நனையத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது, காஹுலுயியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பயமாக இருந்தால் வேன் சுற்றுலாக்கள் இருக்கின்றன. நான் விசாரித்தபோது ஆளுக்கு 150 முதல் 250 டாலர்வரை சொன்னார்கள். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கீபஹுலு பூங்காவுக்குள் போவீர்களா, ஹானாவோடு திரும்பிவிடுவீர்களா?" ஹானாவோடு திரும்பும் வண்டிகள் நிறைய. இரண்டு பேர் என்றால் வேன், நாலைந்து பேர் என்றால் வாடகைக் கார் என்பது என் கணக்கு.

6. எத்தனை மணிக்குக் கிளம்புவது

காஹுலுயியிலிருந்து ஹானா 52 மைல். படிக்கும்போது ஒரு மணி நேரம் என்று தோன்றும். அறுநூறுக்கும் அதிகமான வளைவுகள், 59 பாலங்கள், அதில் 46 பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம். ஹானாவைத் தாண்டிக் கீபஹுலு இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல், அதற்கு முக்கால் மணி.

முதல் முறை காலை 9 மணிக்குக் கிளம்பினோம். வழியில் அருவிக்கு அருவி இறங்கினோம். சுனைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றேகால். டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பார்த்தும் பார்க்காமலும் ஓடி வந்து, பாதிச் சாலையை இருட்டில் கடந்தோம். விளக்கு கிடையாது, ஓரச் சுவர் பல இடங்களில் முழங்கால் உயரம்.

இரண்டாம் முறை தலைகீழாகச் செய்தோம். கடைசி இடத்தை முதலில் பார்ப்பது, திரும்பும் வழியில் மற்றவற்றைப் பார்ப்பது. இதுதான் எங்கள் அட்டவணை:

காலை 6.00 – காஹுலுயியில் கிளம்பினோம். போகும்போது கழிப்பறை தவிர வேறெதற்கும் நிற்கவில்லை.
8.45 – ஹானா. கால் நீட்டிக்கொள்ள பத்து நிமிடம்.
9.40 – கீபஹுலு. விசிட்டர் சென்டர் 9 மணிக்கே திறந்திருந்தது, நிறுத்துமிடத்தில் பாதி காலி.
12.40 – சுனை, மூங்கில் காடு (8-ஆவது தலைப்பில் வருகிறது) இரண்டையும் முடித்துவிட்டுக் கிளம்பினோம்.
1.45 – வையானபனபா, பன்னிரண்டரை மணிச் சீட்டோடு.
3.00 – அங்கிருந்து திரும்பல். வெளிச்சம் இருக்கும்போதே வளைவுகளைத் தாண்டியாயிற்று.

பெரியவர்கள், குழந்தைகள் கூட இருந்தால் மூங்கில் காட்டை விட்டுவிட்டு அந்த நேரத்தை உட்கார்வதற்குக் கொடுங்கள்.

மாவியின் கிழக்குப் பக்கம் காற்றை எதிர்கொள்ளும் பக்கம், வருடம் முழுக்க மழை உண்டு. நவம்பர் முதல் மார்ச்வரை இன்னும் கூடும். கனமழை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். பயணத்தின் கடைசி நாளில் இந்த இடத்தை வைத்தால் தள்ளிப்போட நாள் இருக்காது, ஆகவே முதல் பாதியிலேயே வைத்துவிடுங்கள்.

7. சாலை

பெட்ரோலைக் காஹுலுயியிலோ அடுத்து வரும் பையா ஊரிலோ முழுத் தொட்டி நிரப்புங்கள். அதற்கப்புறம் ஹானாதான், அங்கேயும் சாயங்காலம் மூடிவிடுவார்கள். மேப்பை முன்பே தரவிறக்கி வையுங்கள். மைல் கற்களை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 36-ஆம் எண் சாலை 360-ஆக மாறும் இடத்தில் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 12-ஆவது மைலில் காவுமஹினாவிலும் 22-ஆவது மைலில் புவாகாவாவிலும் கழிப்பறை இருக்கிறது. பழுது என்று சில சமயம் பூட்டியிருப்பார்கள், எனவே ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று என்று இருக்காதீர்கள்.

ஒற்றைப் பாலத்தில் எதிரே வண்டி வந்துகொண்டிருந்தால் நின்று அந்த வரிசையை விட்டுவிட்டு நீங்கள் போங்கள். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் அவர் உள்ளூர்க்காரர், வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்க்கொண்டிருப்பார். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். நம் ஊர் வழக்கப்படி பாலத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்துவிடாதீர்கள், அங்கே அது சண்டைக்கு அழைப்பது மாதிரி.

அருவியைக் கண்டதும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்துவதுதான் அதிகம் பேர் மாட்டும் இடம். 'நிறுத்தக் கூடாது' பலகை இருக்கும் இடத்தில் அபராதம் 200 டாலருக்கு மேல். காருக்குள் பை, கேமரா எதையும் கண்ணில் படும்படி வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

அம்மாவின் அனுபவத்திலிருந்து: வாந்தி மாத்திரையை வண்டி ஏறும் அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். முதல் வளைவில் போட்டுப் பயனில்லை. முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வயிறு முட்ட டிபன் வேண்டாம்.

சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போய்விடுங்கள். சைவம் என்றால் வழியில் வாழைப்பழ பிரெட்டும் பழங்களும்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். அந்தக் கடைகளுக்குச் சில்லறை டாலர் நோட்டுகள் வேண்டும். புளியோதரை இந்தப் பயணத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது, தயிர்சாதம் வெயிலில் சொதப்பிவிட்டது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், பூங்காவில் பிடித்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். சாப்பாட்டுக் கடையும் அங்கே இல்லை.

கீபஹுலுவைத் தாண்டி அதே சாலையில் தொடர்ந்து போனால் தீவைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று மேப் காட்டும். பல இடங்களில் தார் இல்லை, குறுகல், மழைக்குப் பின் பாறை விழுந்து கிடக்கும். வாடகை ஒப்பந்தத்தில் அந்தச் சாலை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். வந்த வழியே திரும்புவது உத்தமம்.

8. சுனைக்குப் போனபின்

விசிட்டர் சென்டருக்குள் முதலில் நுழையுங்கள். அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று ரேஞ்சர் சொல்வார். கழிப்பறையும் அருகிலேயே.

குலோவா முனைப் பாதை அரை மைல் சுற்று. மூட்டுவலி உள்ள என் அம்மா நின்று நின்று நாற்பது நிமிடத்தில் முடித்தார். ஆனால் சீரான தரை அல்ல, வேரும் கல்லும் படியுமாக இருக்கும். சக்கர நாற்காலி போகாது.

புல்வெளியைத் தாண்டி முனைக்கு வந்ததும் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கிறது. இடப்பக்கம் மேலே பாலம். அதன் கீழிருந்து கருங்கல் தொட்டிகளைப் போலச் சுனைகள் இறங்கி வருகின்றன. ஒன்று நிரம்பி அடுத்ததில் விழ, அது நிரம்பி அதற்கடுத்ததில் விழ, கடைசியில் ஒரு பாறை விளிம்பு. அதற்கு அந்தப் பக்கம் பசிபிக். நம் ஊரில் ஆறு கடலை நெருங்கும்போது தளர்ந்து, மணலில் படுத்து, உப்பும் இனிப்புமாகக் கலந்துதான் போய்ச் சேரும். இங்கே மலையிலிருந்து ஓடி வந்த வேகத்திலேயே கடலுக்குள் விழுகிறது. மேகம் இல்லாத நாளில் தூரத்தில் ஹவாயின் பெரிய தீவு தெரியும். மழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும், படத்தில் பார்த்த பச்சை இருக்காது.

தண்ணீரில் இறங்க முடியவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு ஓபு மீனைப் பற்றிச் சொல்லுங்கள். சிறிய மீன்தான். ஓடையில் முட்டை பொரிந்ததும் குஞ்சு கடலுக்கு அடித்துக்கொண்டு போகிறது. சில மாதம் கடலில் வளர்ந்து மறுபடி இந்த ஓடை வாய்க்குத் திரும்புகிறது. வயிற்றுப் பக்கத் துடுப்புகள் ஒட்டி உறிஞ்சும் வட்டு மாதிரி ஆகியிருக்கும். அதை வைத்து ஈரப் பாறையைப் பிடித்து அருவியிலேயே ஏறி மேலே போகிறது. என் மகன் அரை மணி நேரம் கம்பித் தடுப்பை விட்டு நகரவில்லை. மீன் ஒன்றும் கண்ணில் படவில்லை என்பது வேறு விஷயம்.

நேரமும் காலும் இருந்தால் பிப்பிவைப் பாதை. போக வர 4 மைல், சுமார் 800 அடி ஏற்றம், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் வேகமாக நடந்து இரண்டே கால் மணியில் முடித்தோம். சாலையைக் கடந்துதான் தொடங்கும். அரை மைலில் மகாஹிக்கு அருவியைப் பார்க்கலாம். அப்புறம் ஒரு பெரிய ஆலமரம், விழுதுகளோடு. அதற்கப்புறம் மூங்கில் காடு, உள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காற்றடிக்கும்போது மூங்கில்கள் ஒன்றோடொன்று முட்டும் ஓசைக்காகவே நடக்கலாம். முடிவில் 400 அடி வைமோக்கு அருவி. தடுப்பைத் தாண்டி அருவியின் கீழே போய் நிற்கிறவர்களைப் பார்ப்பீர்கள். மேலிருந்து கல் விழும் இடம் அது. பிடிமானமுள்ள ஷூ வேண்டும், சேறு நிச்சயம்.

கொசு விரட்டி கொண்டுபோங்கள். வெயில் கிரீம் விஷயத்தில் மாவியில் சட்டமே இருக்கிறது: 2022 அக்டோபர் முதல் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு வகைகளைத் தவிர வேறெதையும் பூசக் கூடாது. டப்பாவில் 'மினரல்' என்று இருக்கிறதா பாருங்கள். ட்ரோன் தேசியப் பூங்காவுக்குள் தடை. ஞாபகத்துக்குக் கல் எடுத்து வரவும் கூடாது.

9. திரும்பும்போது விமான நிலையத்தில்

ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கிளம்பும் எல்லாப் பைகளும் முதலில் வேளாண்துறைச் சோதனை இயந்திரத்தில் போக வேண்டும். விமான நிறுவன வரிசைக்கு முன்பே அது வரும். அதற்கு இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள். அன்னாசி, தேங்காய் எடுத்துப் போகலாம். மாம்பழம், கொய்யா கூடாது. ஹவாய்க்குள் வரும்போதும் செடி, பழம், விதை எது இருந்தாலும் விமானத்திலேயே அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் விடுதித் தோட்டத்தில் கறிவேப்பிலை மரம் ஒன்று நின்றது. அம்மா கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எலுமிச்சை இனத்து இலை, அனுமதி இல்லை. இயந்திரத்தில் தெரிந்துவிட்டது. அபராதம் போடாமல் எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். துண்டு மட்டும் பெட்டியில் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.